வேடிக்கை பார்த்த கற்படிகள்

விழுப்புரத்தை அடுத்த கெடார்ப் பகுதியில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கூத்து என்றால் என்னவென்று சொல்லித் தர வேண்டியதில்லை. அறுவடை முடிந்து கழனிகள் காய்ந்து கிடக்கும் கோடை நாள்களில், திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில் பாரதக் கூத்து நடைபெறும். இரவில் மத்தளமும் முகவீணையும் முழங்கத் தொடங்கினால் கிழக்கு வெளுக்கும்வரை ஓயாது. உயர்ந்த மேடை இல்லை. வண்ணத் திரைகள் இல்லை. இருவர் பிடித்து நிற்கும் ஒரு துணியே திரை. ஊர் மந்தைவெளியே அரங்கம். அதைச் சுற்றி ஊரார் பாய் விரித்து அமர்ந்திருப்பர். பங்குக் கோயிலைச் சேர்ந்த குடும்பத்தினராகிய நாங்களும் சிறு வயதில் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் அமர்ந்து பார்த்ததுண்டு.

துகிலுரிதல் கூத்து நடந்த ஓர் இரவு இன்றும் என் நினைவில் நிற்கிறது. துச்சாதனன் பாஞ்சாலியின் சேலையைப் பற்றி இழுக்கிறான். சபையில் பெரியவர்கள் தலை கவிழ்ந்து அமர்ந்திருக்கிறார்கள். அப்போது என் அருகில் அமர்ந்திருந்த எங்கள் ஆயா, வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டு, "இழுத்தவன் ஒருத்தன்தாண்டா, பாத்துக்கிட்டுக் குந்தியிருந்தவங்க எத்தினி பேரு பாரு" என்றார். செபமாலையைத் தவிர வேறு கல்வி அறியாத அந்த மூதாட்டியின் சொல், பல ஆண்டுகளுக்குப் பின், பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால், ஓர் உரோமை அரங்கின் கற்படியில் அமர்ந்திருந்தபோது என் செவியில் மீண்டும் ஒலித்தது. அந்த அனுபவத்தையே வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

வெரோனா நகரில்

2025ஆம் ஆண்டு திருச்சபை கொண்டாடிய யூபிலி ஆண்டாகும். அவ்வாண்டு உரோமைக்குத் திருப்பயணம் சென்ற ஒரு குழுவில் அடியேனும் இடம் பெற்றேன். புனித வாயில்களைக் கடந்து, அப்போஸ்தலர்களின் கல்லறைகளில் செபித்து முடித்தபின், வடக்கே வெனிசு நகரை நோக்கிப் பயணமானோம். வழியில் ஒரு நாள் வெரோனாவில் தங்கினோம்.

மிலானுக்கும் வெனிசுக்கும் இடையே, அதிஜே ஆறு வளைந்து ஓடும் இடத்தில் அமைந்துள்ள பழம்பெரும் நகர் வெரோனா. ரோமியோ, ஜூலியட் என்னும் காதலரின் கதையை ஷேக்ஸ்பியர் இவ்வூரில் நிகழ்ந்ததாகவே எழுதினார். ஆனால் அக்கதைக்கும் பல நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே இவ்வூருக்குப் பெருமை தேடித் தந்தது, ஊர் நடுவே நிற்கும் உரோமை வட்டரங்கு. ஊர் மக்கள் அதை அரேனா என்கின்றனர்.

இரயில் நிலையத்திலிருந்து நேராகச் செல்லும் அகன்ற வீதியில் சற்று நேரம் நடந்தால், இரட்டை வளைவு கொண்ட பழைய கோட்டை வாயில் எதிர்ப்படுகிறது. அதைக் கடந்ததும் பிரா என்னும் பெரிய சதுக்கம் விரிகிறது. அதன் மறுபுறத்தில், இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த கல்லில், இரண்டு அடுக்கு வளைவுகளோடு நிற்கிறது அரேனா. அருகிலுள்ள வல்போலிச்செல்லா மலைகளிலிருந்து வெட்டிக் கொணர்ந்த கற்கள் அவை.

இந்த அரங்கு கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது. நம் ஆண்டவர் கலிலேயாவின் ஊர்களில் போதித்து வந்த காலத்தை ஒட்டியது எனலாம். உரோமை நகரின் புகழ்பெற்ற கொலோசெயம் திறக்கப்பட்டது கி.பி. 80இல், வெரோனாவின் அரங்கு அதற்கும் மூத்தது. முதலில் இது நகர மதிலுக்கு வெளியே இருந்தது. கி.பி. 265இல் கல்லியேனுஸ் என்னும் பேரரசன் மதிலை விரிவாக்கி, அரங்கையும் உள்ளடக்கினான்.

இவை யாவும் நமக்குத் தொடர்பற்ற தொலைதூரச் செய்திகள் என்று எண்ண வேண்டா. கெடாரிலிருந்து புதுச்சேரிக்குச் சென்று, அரியாங்குப்பம் ஆற்றங்கரையிலுள்ள அரிக்கமேட்டைக் கண்டவர்கள் இதை அறிவர். 1945ஆம் ஆண்டில் மார்ட்டிமர் வீலர் என்னும் ஆங்கிலேய அறிஞர் அங்கே அகழாய்வு செய்தபோது, இத்தாலியின் அரெத்சோ நகரத்து முறையில் சுடப்பட்ட செந்நிறப் பளபளப்பு மட்கலங்களின் ஓடுகளைக் கண்டெடுத்தார். அவை கி.பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை. வெரோனாவில் இக்கற்களை அடுக்கிக்கொண்டிருந்த அதே தலைமுறையில், நம் கடற்கரையில் உரோமையரின் பாண்டங்கள் இறங்கிக்கொண்டிருந்தன.

நீள்வட்டக் கிண்ணம்

அரங்கின் இருண்ட நடைவழியில் நுழைந்து, படியேறி வெளியே வந்ததும், ஒரு மாபெரும் கற்கிண்ணத்தின் உட்புறத்தில் நிற்பது போன்ற உணர்வு ஏற்படுகிறது. நடுவே நீள்வட்டமான தரை. அதைச் சுற்றி நாற்பதுக்கும் மேற்பட்ட கற்படி வரிசைகள் வானை நோக்கி விரிந்து ஏறுகின்றன. கட்டிய காலத்தில் இதன் நீளம் ஏறத்தாழ 500 அடி. அகலம் 400 அடி. முப்பதாயிரம் பேர் அமர்ந்து காணலாம். அன்று வெளிச் சுற்றில் மூன்று அடுக்கு வளைவுகள் கொண்ட உயர்ந்த மதில் ஒன்று இருந்தது. 1117ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் நாள் வட இத்தாலியை உலுக்கிய பெரும் நிலநடுக்கத்தில் அம்மதில் பெரும்பாலும் சரிந்தது. இன்று அதில் எஞ்சியிருப்பவை நான்கு வளைவுகளே. சிறகு என்று பொருள்படும் ஆலா என்ற சொல்லால் ஊரார் அதனை அழைக்கின்றனர். அவ்வளைவுகளின் மேல் 64 முதல் 67 வரையிலான உரோமை எண்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. எந்த வாயில் வழியாக நுழைய வேண்டும் என்பதை மக்களுக்கு உணர்த்தும் எண்கள் அவை. கூட்டத்தை ஒழுங்காக உள்ளே விட்டு, ஒழுங்காக வெளியே அனுப்பும் கலையில் உரோமையர் வல்லவர்கள். ஆனால் அந்த ஒழுங்கான கூட்டம் உள்ளே என்ன பார்த்தது?

அரேனா என்னும் சொல்லுக்கு இலத்தீன் மொழியில் மணல் என்பதே பொருள். மனிதர் மனிதரோடும், மனிதர் விலங்குகளோடும் பொருதிய தரையில், சிந்தும் குருதியை உறிஞ்சுவதற்காக மணல் பரப்பி வைத்தனர். அம்மணலின் பெயரே பின்னர் அரங்கின் பெயராயிற்று.

வெரோனாவில் நடந்த ஒரு காட்சியைப் பற்றி இளைய பிளினி என்னும் உரோமை அறிஞர் தம் நண்பருக்கு எழுதிய கடிதம் இன்றும் உள்ளது. அந்த நண்பரின் மனைவி வெரோனா ஊரினர், இறந்துவிட்டார். அன்பு மனைவியின் நினைவாக ஊராருக்குக் கணவர் அளித்தது வாள்வீரர்களின் சண்டை. அதற்கென ஆப்பிரிக்காவிலிருந்து சிறுத்தைகளையும் வாங்கியிருந்தார். வானிலை மோசமானதால் அவை குறித்த நாளில் வந்து சேரவில்லை. ஆயினும் நண்பரின் தாராள மனத்தைப் பிளினி பாராட்டுகிறார். இறந்தோருக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்து, ஏழைகளுக்கு அன்னமிடும் நமக்கு இது நம்ப இயலாததாகத் தோன்றும். பிளினி கொடியவர் அல்லர், படித்தவர், பண்பாளர். அவர் காலத்தில் அது மரியாதையான காரியம், அவ்வளவுதான்.

அந்த மணலில் இறந்தோரில் ஒருவனின் பெயரையும் நாம் அறிவோம். மோதெனா ஊரைச் சேர்ந்த கிளவ்குஸ் என்ற வாள்வீரனின் கல்லறைக் கல் வெரோனாவில் கிடைத்துள்ளது. ஏழு முறை போரிட்டான். எட்டாம் முறை மாண்டான். வாழ்ந்தது 23 ஆண்டுகளும் 5 நாள்களும். அவனுடைய மனைவி அவுரேலியாவும், அவனை நேசித்தவர்களும் சேர்ந்து அக்கல்லை எழுப்பினர். படிகளில் அமர்ந்திருந்தோருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. அவுரேலியாவுக்கோ அது தாலி இழப்பு.

கண்ணை மூடியவன்

கற்படியில் அமர்ந்து இவற்றை எண்ணியபோது, புனித அகுஸ்தினார் தம் வாழ்க்கை வரலாற்று நூலில் கூறும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது. அலிப்பியுஸ் என்பவர் அவருடைய உயிர்த் தோழர். பின்னாளில் ஆயராகத் திகழ்ந்தவர். இளமையில் சட்டம் பயில உரோமைக்குச் சென்றிருந்தபோது, வாட்போர்க் காட்சிகளை அவர் வெறுத்தார். நண்பர்களோ அவரை வலுக்கட்டாயமாக அரங்கிற்கு இழுத்துச் சென்றனர். அலிப்பியுஸ் கண்களை இறுக மூடிக்கொண்டு அமர்ந்தார். திடீரெனக் கூட்டம் பேரிரைச்சலிட்டது. என்னதான் நடந்தது என்று காணக் கண்ணைத் திறந்தார். திறந்த கண் பின்னர் மூடவே இல்லை. அவரும் கூவினார், அவரும் வெறி கொண்டார். மறுமுறை மற்றவர்களையும் தாமே அழைத்துக்கொண்டு சென்றார்.

வாள் ஏந்தியவன் உடலைக் குத்தினான். ஆனால் பார்த்துக்கொண்டிருந்தவனின் ஆன்மாவில் அதைவிட ஆழமான காயம் பட்டது என்பதே அகுஸ்தினார் நமக்கு விட்டுச் சென்ற பாடம். காதை மூட மறந்தவனின் கண்ணையும் கூட்டம் திறந்துவிடும்.

1786ஆம் ஆண்டில் கேத்தே என்னும் செருமானியக் கவிஞர் இதே அரங்கிற்கு வந்தார். அன்று படிகள் வெறுமையாக இருந்தன. இத்தகைய அரங்கு மக்களுக்கு மக்களையே காட்டுவதற்காக அமைந்தது என்று அவர் சிந்தித்தார். சிதறித் திரியும் மனிதர்கள் இங்கே வட்டமாக அமரும்போது ஒரே உடலாகவும் ஒரே மனமாகவும் ஆகிவிடுகிறார்கள். உண்மையே. ஆனால் அந்த ஒரே மனம் எதை நாடுகிறது என்பதன்றோ கேள்வி!

ஒரு சொம்புத் தண்ணீர்

இங்கே என் சொந்தப் பாவம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும். எங்கள் பகுதியில் ஒரு வாரச் சந்தையில், தேங்காய் திருடியதாக ஒருவனைப் பிடித்துப் புளியமரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். திருடினானா என்று அங்கே கேட்டவர் எவரும் இல்லை. சுற்றிலும் பெருங்கூட்டம். எனக்கு உயரம் போதவில்லை. அருகில் அவிழ்த்துவிட்டிருந்த ஒரு மாட்டு வண்டியின் மீது ஏறி நின்றேன். நன்றாகத் தெரிந்தது. மகிழ்ச்சியாகவும் இருந்தது.

அப்போது கீழிருந்து ஒரு குரல்: "என்னடா அங்க ஏறி நின்னு பாக்குற? எறங்கி வா. இந்தச் சொம்பப் பிடி."

எங்கள் ஆயாதான். எவர் கடையிலோ வாங்கிய ஒரு சொம்புத் தண்ணீர் அவர் கையில் இருந்தது. என்னை முன்னே விட்டு, கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே சென்றார். யாரையும் ஏசவில்லை, யாரிடமும் நியாயம் கேட்கவில்லை. "தண்ணி குடிக்கட்டும், நவுருங்க" என்றார். அவ்வளவே. ஓங்கிய தடி கீழே இறங்கியது. அவன் என் கையிலிருந்த சொம்பில் வாய் வைத்துக் குடித்தான். அவனுடைய பல்லிலிருந்து கசிந்த குருதி தண்ணீரில் கலந்ததை நான் கண்டேன். வண்டியின் மேலிருந்து பார்த்தபோது அது தெரியவில்லை. கூட்டம் சற்று நேரத்தில் கலைந்துபோயிற்று.

சிலுவைப் பாதையின் ஆறாம் தலத்தில் நாம் முழந்தாளிடும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்தை நினைவுக்கு வரும். கல்வாரிக்குச் செல்லும் வழி நெடுக எத்தனையோ பேர் வேடிக்கை பார்த்தனர். கூட்டத்தை விட்டு வெளியே வந்தவள் வெரோனிக்காள் ஒருத்தியே.

உரோமை அரங்கிலும் அப்படி ஒருவர் வந்தார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கீழ்த்திசையிலிருந்து வந்த தெலெமாக்கியுஸ் என்னும் துறவி, வாட்போர் நடந்துகொண்டிருந்த களத்தில் இறங்கிப் போரிடுவோரைத் தடுத்தார். தங்கள் வேடிக்கையைக் கெடுத்தவர்மீது சினங்கொண்ட கூட்டம் அவரைக் கல்லால் எறிந்து கொன்றது. செய்தி அறிந்த பேரரசர் ஹொனோரியுஸ் அக்காட்சிகளுக்குத் தடை விதித்து, அத்துறவியை வேதசாட்சிகளுள் ஒருவராகக் கருதினார் என்று தெயோடோரெட் என்னும் ஆயர் தம் திருச்சபை வரலாற்றில் எழுதியிருக்கிறார். அவரைக் கொன்றது சிங்கமும் அன்று, வாளும் அன்று; படிகளில் அமர்ந்திருந்த மக்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

மறைக்கக் கூடாத ஒரு நாள்

இதுவரை சொன்னவற்றைக் கேட்டு, கொடுமை செய்தவர் அஞ்ஞானிகள், துன்புற்றவர் கிறிஸ்தவர்கள் என்று நாம் ஆறுதல் கொள்ளக்கூடும். அந்த ஆறுதலை வெரோனாவின் கற்கள் நமக்கு அளிக்க மறுக்கின்றன.

1278ஆம் ஆண்டு பிப்ரவரி 13ஆம் நாள் இதே அரங்கில் ஏறத்தாழ இருநூறு பேர் உயிரோடு எரிக்கப்பட்டனர். அவர்கள் கத்தாரி என்னும் தப்பறைக் கொள்கையைப் பின்பற்றியோர். கார்தா ஏரிக்கரையிலுள்ள சிர்மியோனே என்ற ஊரில் பிடிபட்டவர்கள். அவர்களின் கொள்கை பிழையானது. ஆனால் அவர்களை எரித்த கைகள் திருமுழுக்குப் பெற்ற கைகள். அதைக் காண வந்தவர்கள் ஞாயிறு தோறும் பூசை கண்டவர்கள். வாள்வீரர்களின் சண்டை நின்று பல நூற்றாண்டுகள் கடந்திருந்தன. சிலுவை அடையாளம் அந்நகரின் கோயில்களில் எல்லாம் உயர்ந்து நின்றது. எனினும் பழைய கற்படிகள் பழைய வேடிக்கைக்கே மீண்டும் இடம் தந்தன.

2000ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் புனித இராயப்பர் பேராலயத்தில், திருச்சபையின் மக்கள் கடந்த நூற்றாண்டுகளில் செய்த குற்றங்களுக்காக இறைவனிடம் பகிரங்கமாக மன்னிப்பு வேண்டினார். உண்மைக்குத் தொண்டு செய்வதாக எண்ணி அன்புக்கு எதிரான வன்முறையைக் கைக்கொண்டதும் அக்குற்றங்களுள் ஒன்று. தன் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் தாய்க்குப் பிள்ளைகள் முன் மதிப்புக் குறைவதில்லை, கூடுகிறது.

மெழுகுத்திரிகளின் இரவு

பிற்காலத்தில் அரங்கு பல நிலைகளைக் கண்டது. அதன் கற்களைப் பெயர்த்து வேறு கட்டடங்களுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் நகரத்தார் விழித்துக்கொண்டு பழுது பார்த்தனர். இறுதியில் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் இதன் வாழ்வில் புதிய அத்தியாயம் ஒன்று தொடங்கியது. வெர்தி என்னும் இத்தாலிய இசை மேதை பிறந்து நூறாண்டு நிறைவதையொட்டி, வெரோனாவைச் சேர்ந்த ஜொவான்னி செனதெல்லோ என்ற பாடகரின் முயற்சியால், வெர்தி இயற்றிய அய்தா என்ற இசை நாடகம் இங்கே அரங்கேறியது. மேல்நாட்டார் ஆப்பெரா என்று கூறும் இக்கலையில், நம் கூத்தைப் போலவே உரையாடலும் பாட்டாகவே நிகழும். அன்றிலிருந்து, இரு உலகப் போர்களின் ஆண்டுகள் போன்ற சில இடைவெளிகள் தவிர, கோடைதோறும் இவ்விழா நடந்து வருகிறது. 2023ஆம் ஆண்டில் நூறாவது விழாவைக் கொண்டாடினார்கள்.

நாங்கள் தங்கிய இரவில் நபுக்கோ என்னும் நாடகம். பெயரைக் கேட்டு மலைக்க வேண்டா. விவிலியத்தில் வரும் நெபுக்கத்நேசர் மன்னனே அவன். எருசலேம் வீழ்ந்து, இறைமக்கள் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன நிகழ்ச்சியை ஒட்டி வெர்தி இசையமைத்து, 1842இல் மிலான் நகரில் முதன்முதலாக மேடையேறிய நாடகம் இது.

மேல் வரிசையில் எங்களுக்கு இடம். வெறுங்கல்தான் இருக்கை. பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த கல், பொழுது சாய்ந்த பின்னும் வெதுவெதுப்பாக இருந்தது. பழகியவர்கள் திண்டு கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் வரிசையில் ஒரு குடும்பத்தார் ரொட்டியும் பழமும் பிரித்து உண்டுகொண்டிருந்தனர். குழந்தை தாயின் மடியில் உறங்கியது. பாயும் போர்வையுமாய்க் கூத்துப் பார்க்கச் சென்ற எங்கள் ஊர்க் கூட்டத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று எண்ணிக்கொண்டேன்.

இருள் பரவியதும், படிகளில் ஆங்காங்கே சிறு மெழுகுத்திரிகள் ஒளிரத் தொடங்கின. 1913இல் மின்விளக்கு வசதி குறைவாக இருந்தபோது, பாடல் நூலைப் படிப்பதற்காக மக்கள் மெழுகுத்திரி ஏற்றினர் என்றும், அதுவே வழக்கமாக நிலைத்தது என்றும் கூறுகின்றனர். பாஸ்காத் திருவிழிப்பின் இரவில் ஒரு திரியிலிருந்து மறு திரிக்கு ஒளி பரவுவதைக் கண்ட நமக்கு அந்தக் காட்சி அந்நியமாகத் தோன்றாது.

நாடகத்தின் நடுவில், யூப்ரத்தீசு ஆற்றங்கரையில் சிறைப்பட்ட எபிரேயர்கள் தங்கள் தாயகத்தை நினைந்து ஒன்றாகப் பாடும் பாட்டு வந்தது. இத்தாலியர் அனைவரும் அறிந்த பாட்டு அது. தாழ்ந்த குரலில் தொடங்கிய அந்த ஓசை, கற்கிண்ணத்தின் விளிம்புவரை மெல்ல ஏறி எங்களை வந்தடைந்தது. ஆயிரக்கணக்கானோர் அமர்ந்திருந்த இடத்தில் ஓர் இருமல் ஒலிகூட இல்லை. கிளவ்குஸ் இறந்த அதே தரையில், கைதிகளைக் கொன்று களித்த அதே மணலில், கைதிகளின் புலம்பலைக் கேட்டுப் பல நாட்டு மக்கள் கண் கலங்கினர். கல் மாறவில்லை, படி மாறவில்லை, வட்டமும் மாறவில்லை. மாறியது பார்ப்பவர் உள்ளம். அப்போதுதான் ஆயாவின் சொல் என் காதில் விழுந்தது.

எழுந்து நின்ற கூட்டம்

இந்த அரங்கு கண்ட காட்சிகளுள் மிகப் பெரியது எதுவென்று என்னைக் கேட்டால், இசை நாடகம் எதையும் சொல்லமாட்டேன். 2024ஆம் ஆண்டு மே 18ஆம் நாளைச் சொல்வேன். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் அன்று வெரோனாவுக்கு வந்தார். நகரின் பாதுகாவலரான புனித சேனோவின் பேராலயத்தில் குருக்களையும் துறவியரையும் சந்தித்தார். அந்த சேனோ ஆப்பிரிக்காவிலிருந்து வந்து, நான்காம் நூற்றாண்டில் அந்நகருக்கு ஆயரானவர். பின்னர் அரேனாவில் அமைதிக்காகக் கூடிய ஏறத்தாழ பன்னிரண்டாயிரம் மக்களிடையே திருத்தந்தை அமர்ந்தார்.

அங்கே இருவர் அவர் முன் வந்து நின்றனர். ஒருவர் இஸ்ரயேலியர்; 2023 அக்டோபர் 7ஆம் நாள் நடந்த தாக்குதலில் தம் பெற்றோரைப் பறிகொடுத்தவர். மற்றவர் பாலஸ்தீனர், இஸ்ரயேலியப் படையினரின் கையில் தம் சகோதரரை இழந்தவர். இருவரும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டனர். திருத்தந்தை அவ்விருவரையும் சேர்த்து அணைத்துக்கொண்டார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. பகைவர் இருவரை நடுவில் விட்டு, ஒருவன் சாகும்வரை கைதட்டிய அதே படிகளில், பகையை வென்ற இருவருக்காக மக்கள் கைதட்டினர். அன்று பிற்பகலில் திருத்தந்தை அந்நகரின் சிறைச்சாலைக்கும் சென்று, கைதிகளோடு அமர்ந்து உணவருந்தினார்.

நம் வீட்டு அரங்கு

வாசக அன்பர்களே, வெரோனாவுக்குச் செல்லும் வாய்ப்பு எல்லோருக்கும் கிட்டாது. ஆனால் கற்படியில் அமரும் வாய்ப்பு நாள்தோறும் நம் எல்லோருக்கும் கிட்டுகிறது.

அடுத்த வீட்டில் கணவன் மனைவியை அடிக்கும் ஓசை கேட்கிறது. நாம் சன்னலைத் திறந்து வைத்துக்கொள்கிறோம். சாலையில் ஒருவர் அடிபட்டுக் கிடக்கிறார். அவரைத் தூக்குவதற்கு முன் கைப்பேசியில் படம் எடுக்கும் கைகள் நீள்கின்றன. ஒரு பெண்ணின் பெயரைக் கெடுக்கும் செய்தி வருகிறது. அதைத் தாமும் படித்துப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். சாதியின் பெயரால் ஊரில் ஒரு தெரு மற்றொரு தெருவை அவமதிக்கும்போது, நமக்கேன் வம்பு என்று திண்ணையில் அமர்ந்து பார்க்கிறோம். நாம் யாரையும் தொடவில்லை, உண்மைதான். வெரோனாவின் படிகளில் அமர்ந்திருந்தோரும் யாரையும் தொட்டதில்லை.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் எதைப் பார்க்கிறார்கள் என்று கவலைப்படுகிறோம். அது நல்லதே. ஆனால் நாம் எவ்வாறு பார்க்கிறோம் என்பதையும் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பிறர் வீழ்ச்சியைக் கண்டு நாம் நகைத்தால் அலிப்பியுசின் கண்ணைப் போல் அவர்களின் கண்ணும் திறந்துகொள்ளும். நாம் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் எடுத்துச் சென்றால், அந்தச் சொம்பைப் பிடிக்கும் கை அவர்களுடையதாக இருக்கும்.

குருத்து ஞாயிறன்று நம் கோயில்களில் ஆண்டவருடைய பாடுகளின் வரலாற்றை வாசிக்கும்போது, திரளான மக்களின் கூச்சலை நாமே சேர்ந்து சொல்கிறோம். அவரைச் சிலுவையில் அறையுமாறு கேட்கும் அந்தச் சொற்களை நம் வாயில் வைத்திருப்பதன் மூலம், நாமும் அக்கூட்டத்தில் ஒருவரே என்பதைத் திருச்சபை நமக்கு ஆண்டுதோறும் நினைவூட்டுகிறது. அதே கூட்டத்தில்தான் சீரேன் ஊர் சீமோனும் இருந்தார். அதே கூட்டத்தில்தான் வெரோனிக்காளும் இருந்தாள். எந்த இடத்தில் நிற்பது என்பதை ஒவ்வொருவரும் தேர்ந்துகொள்ள வேண்டும்.

எங்கள் ஆயா இறந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன. பங்குக் கல்லறைத் தோட்டத்தில் வேப்ப மரத்தடியில் அவருடைய கல்லறை இருக்கிறது. உரோமைத் திருப்பயணம் முடித்து ஊர் திரும்பியதும், வெரோனாவில் அந்த இரவு நான் ஏற்றிப் பாதி எரிந்த மெழுகுத்திரியை அங்கே கொண்டுசென்று மீண்டும் ஏற்றினேன். காற்றில் இருமுறை அணைந்து, மூன்றாம் முறை நின்று எரிந்தது. "எறங்கி வா, இந்தச் சொம்பப் பிடி" என்ற அவர் கட்டளை என் காதில் ஒலித்தது. அது எனக்கு மட்டும் இட்ட கட்டளை அன்று என்பதாலேயே இதை எழுதினேன்.